பிரயாணப் பக்கம்: மலைநாட்டுக்கு ஒரு திட்டம்

“மலையும் அருவியும் உள்ளதாக ஓர் இடம் சொல்லுங்கள்; கொஞ்சம் தூரமாக இருந்தாலும் பாதகமில்லை; செலவு மட்டும் கையைக் கடிக்கக் கூடாது” என்று சென்ற மாதம் சங்கக் கூட்டத்தில் அன்பர் சிலர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். சித்தூர், திருப்பதிப் பக்கங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியுள்ள நம் குடும்பங்கள், விடுமுறை வந்தால் ஊருக்குச் செல்வதும், மிஞ்சினால் ஹார்ஸ்லி மலைக்கு ஒரு நாள் சென்று வருவதுமாகவே காலத்தைக் கழித்துவிடுகின்றன. ஆகவே இவ்வேண்டுகோள் நியாயமானதே.

தீவு, மலை, வீர விளையாட்டு என்றால் இக்காலத்து இளைஞர்கள் உடனே நியூசிலாந்தின் பெயரைச் சொல்வர். அவ்வளவு தூரம் செல்ல ஓர் எழுத்தரின் சம்பளம் இடங்கொடாது. ஆனால் மேகம் தவழும் மலைகளும், பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்தோடும் இருப்புப் பாதையும், நள்ளிரவில் ஏறி விடியலில் சூரியனைக் காணும் சிகரமும், பாறைகளுக்கிடையே படகு செலுத்தும் ஆறும் ஒருங்கே அமைந்த தீவு ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. அதுதான் இலங்கை. வரும் பிப்ரவரியில் நம் குடும்பம் அங்குச் செல்லத் திட்டமிட்டுள்ளது. அத்திட்டம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு ஒரு முறை முழுதும் கிழித்தெறியப்பட்டு மறுபடியும் எழுதப்பட்டது என்பதை இம்மாதம் சொல்ல விரும்புகிறோம்.

முதல் திட்டம்

முதல் திட்டத்தை எழுதியவன் நம் மைத்துனன். வயது இருபத்து மூன்று. கால்களில் இறக்கை கட்டிய பருவம். கங்காதர நெல்லூரில் நாம் குடியிருக்கும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டான். கொழும்பில் விமானம் இறங்கிய அன்றே கித்துல்கலைக்குச் சென்று களனி ஆற்றில் இரப்பர்ப் படகு விடுதல். மறுநாள் சிவனொளிபாத மலை. அதற்கடுத்த நாள் ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு. பிறகு எல்லைப் பாறை. ஆறாம் நாள் வீடு. இங்கே எல்லை என்பது ஊரின் பெயர் என்பதை நேயர்கள் கவனிக்க.

அவன் குறித்த இடங்களில் குறை ஒன்றும் இல்லை. கித்துல்கலையிலேதான் 1957-இல் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் படம் பிடித்தனர். சிவனொளிபாத மலையின் உயரம் 7,359 அடி; நம்மவர் சிவபெருமானின் அடி என்றும், பௌத்தர் புத்தரின் அடி என்றும், இசுலாமியரும் கிறிஸ்தவருள் பலரும் ஆதி மனிதன் ஆதாமின் அடி என்றும் போற்றும் சுவடு அதன் உச்சியில் உள்ளது. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்னுமிடத்தில் தரை திடீரென முடிந்து, ஏறத்தாழ 2,800 அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. இச்சமவெளியையும் சிவனொளிபாத மலைக் காட்டையும் உள்ளடக்கிய நடு மலைநாடு 2010-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது.

அவன் திட்டத்தை உரக்கப் படித்து முடித்தபோது, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த நம் அன்னையார் ஒரே ஒரு வினா எழுப்பினார். “அந்தத் தாளிலே தலவாக்கலை இருக்காப்பா?”

இல்லை. தாளில் தலவாக்கலை இல்லை.

தலவாக்கலை

அன்னையார் பிறந்தது தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கு லயம் என்பர். அவருடைய பாட்டனார் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கங்காணியுடன் கடல் கடந்தவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974-இல் முடிவாயிற்று. மக்களைப் பங்கிடும்போது குடும்பங்களும் பங்கிடப்பட்டன. அன்னையாரின் தந்தை இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். மூத்த மகளோ மணமாகிப் போனவள். அவள் கணவன் வீட்டார் இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தனர்.

1974-ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுமியாக, அன்னையார் தலைமன்னாரில் கப்பலேறினார். பத்தொன்பது வயது அக்காள் தலவாக்கலை நிலையத்து மேடையில் நின்றுவிட்டார். அதன் பிறகு இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. நடுவே போர் வந்தது, கடிதம் நின்றது, பின்னர்க் கைப்பேசி வந்து குரலைச் சேர்த்துவைத்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியதை நேயர்கள் அறிவர். மலைகள் சரிந்தன, 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நான்கு நாட்கள் பெரியம்மாவின் கைப்பேசி ஒலிக்கவில்லை. அன்னையார் அந்நான்கு நாட்களும் அழவில்லை. சோறு மட்டும் உண்ணவில்லை. ஐந்தாம் நாள் குரல் கேட்டது. மேல் வரிசை லயத்தில் மண் புகுந்ததாம். பெரியம்மாவின் வீடு தப்பிற்றாம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் அத்தாளில் தலவாக்கலையைச் சேர்க்கவில்லை. நாம் சென்று விசாரித்த ஒரு பிரயாண முகவரோ, “வயதானவர்களைக் கண்டியில் விடுதியில் வைத்துவிடுங்கள், இளையவர்கள் சுற்றி வரலாம்” என்று யோசனை கூறினார். நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். அதை நினைக்குந்தோறும் இன்றும் வெட்கமாக உள்ளது.

இரண்டாம் திட்டம்

நம் இருப்புப் பாதை உத்தியோகத்தில் ஒரு பாடம் உண்டு. ஒற்றைப் பாதையில் வண்டிகளின் காலத்தை வகுக்கும்போது, எந்த வண்டி எவ்வளவு விரைவாகப் போகும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எந்த நிலையத்தில் எதற்காக எது நின்று வழிவிட வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்யவேண்டும். அந்த நிறுத்தங்கள் நிலைபெற்றால் மற்றவை தாமே ஒழுங்குபடும். பிரயாணத் திட்டமும் அவ்வாறே. விட்டுக்கொடுக்கவியலாத நிறுத்தம் எது? நம்முடன் வருபவருள் மெல்ல நடப்பவர் யார்? நம்மை ஏற்பவருக்கு ஓய்வு எந்நாள்? இம்மூன்றையும் எழுதிவிட்டு, அதன்பின் அருவிகளை எண்ணலாம்.

முதல் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு, அன்னையாரின் முழங்கால். மூன்றாவதைப் பெரியம்மாவிடமே கேட்டோம். “ஞாயித்துக்கிழமையா வாங்க பாப்பா. மத்த நாள்ல மகளுக்குப் பேர் விழாது” என்றார். பேர் என்பது தோட்டத்து வழக்கு. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கில் நின்று, குறித்த எடைக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால்தான் அன்றைய முழுக்கூலியாகிய பேர் கிடைக்கும். விருந்தாளி வந்தார் என்று வீட்டிலிருந்தால் கூலி போய்விடும். பயணிகளாகச் செல்லும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும். ஆகவே திட்டத்தின் முதல் வரியாக, ‘ஞாயிறு, தோட்டம்’ என்று எழுதினோம். மற்ற நாட்களை அதன் இருபுறமும் அடுக்கினோம்.

காலமும் ஆவணமும்

மலைநாட்டுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைத்துவிடும், அட்டைகளும் பெருகும். சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் மார்கழி முழுநிலவில் தொடங்கி வைகாசி முழுநிலவில் முடிகிறது; அம்மாதங்களில் வழியெங்கும் விளக்கும் தேநீர்க் கடைகளும் உண்டு. நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஹார்ஸ்லி மலையில் குளிர்ந்தவர்கள் அதற்கு மேலும் 2,000 அடி ஏறுவதாக எண்ணிக் கம்பளி எடுத்துச் செல்க. பிப்ரவரியில் விடியற்காலை உறைபனி படிவதும் உண்டு.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாவதாக இருத்தல் நன்று. நுழைவுக்கான மின்னணு அனுமதியை இலங்கை அரசின் தளத்திலேயே பெறுக. கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் மாதத்தில் மறுபடியும் பார்த்துக்கொள்க. அரசு உத்தியோகத்தில் உள்ளவர்கள் அயல்நாடு செல்ல அலுவலகத்தின் முன் அனுமதி பெறுதல் வேண்டும். விடுப்பு விண்ணப்பத்தோடு அதையும் கொடுத்துவிடுக.

நம் வாசகர்களுள் தாயகம் திரும்பிய குடும்பத்தினர் பலர் உளர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய காகிதங்களை எறிந்துவிடாதீர்கள். அன்னையாரின் பிறப்புக்கு நம் ஊர்ப் பதிவேட்டில் சான்று ஏது? கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் நம் பாட்டனாருக்கு வழங்கிய பழைய கடவுச்சீட்டு, தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் பதிவாகியிருந்தன. குடும்பப் படம் ஒன்றும் ஒட்டியிருந்தது. அந்த ஏட்டைக் காட்டியபின்பே அன்னையாரின் விண்ணப்பம் தடையின்றி நகர்ந்தது.

வழி

முற்காலத்தில் சென்னை எழும்பூரில் ஒரே பயணச் சீட்டு வாங்கிக் கொழும்பு வரை செல்லலாம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், வண்டி தனுஷ்கோடி வரை ஓடிற்று, அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்கு, மறுபடியும் வண்டி. அதையே போட் மெயில் என்றனர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடி, 1984-இல் அதுவும் நின்றது.

இப்பொழுது கடல் வழி நாகப்பட்டினத்திலிருந்து. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இதை நிறுத்திவிடுவர். ஆகவே சீட்டை உறுதி செய்த பின்னரே விடுப்பு எழுதுக. திருப்பதியிலிருந்து சித்தூர், காட்பாடி, விழுப்புரம் வழியாக மன்னார்குடி செல்லும் பாமணி விரைவு வண்டியில் ஏறித் திருவாரூரில் இறங்கினால் நாகப்பட்டினம் அருகில்தான். இவ்வண்டி நாள்தோறும் ஓடுவதன்று. நமக்குள்ள பாஸில் அன்னையாருக்கும் இடமுண்டு. ஆனால் அது கடற்கரையோடு முடிந்துவிடும். கடல் ஒவ்வாதவர்கள் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணியில் செல்லலாம். நாம் போகும்போது கப்பலும் வரும்போது விமானமும் என முடிவு செய்துள்ளோம். கப்பலில் வந்தவர் கப்பலிலேயே போகட்டும் என்பது நம் எண்ணம்.

மலை இரயில்

இலங்கையின் அகலப் பாதை நம் அகலப் பாதையேதான். ஐந்தடி ஆறு அங்குலம். காங்கேசன்துறையிலிருந்து வரும் வண்டியில் பொல்காவலைச் சந்திப்பில் இறங்கி, மலைநாட்டு வண்டிக்கு மாறவேண்டும். பேராதனைச் சந்திப்பில் கண்டிக்கு ஒரு கிளை பிரிகிறது. பாதை கண்டியை அடைந்தது 1867-இல்; நாவலப்பிட்டியை 1874-இல்; நானுஓயாவை 1885-இல்; பண்டாரவளையை 1894-இல்; பதுளையை 1924-இல். கண்டியிலிருந்து பதுளை சேர ஐம்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன என்றால், அம்மலையின் கடுமையை உணரலாம்.

நாவலப்பிட்டிக்கு மேல் ஏற்றம் தொடங்குகிறது. ஹட்டனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கம். தலவாக்கலை அருகே சென் கிளேயர் அருவியைச் சன்னலிலிருந்தே காணலாம். மேல் கொத்மலை மின் திட்டத்துக்கு நீரைத் திருப்பியபின் அதன் பெருக்கு முன்போல் இல்லை. நானுஓயாவுக்கு அப்பால் பட்டிப்பொலை, 6,200 அடி உயரத்தில், அப்பாதையின் மிக உயர்ந்த நிலையம். பின்னர் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்லை. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே 1921-இல் முடித்த ஒன்பது வளைவுப் பாலம், கல்லும் செங்கல்லும் சிமிட்டியும் கொண்டு, இரும்புச் சட்டமின்றிக் கட்டியது. தெமோதரையில் பாதை வட்டமாகச் சுழன்று, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்கிறது! இருப்புப் பாதைச் சோறு உண்ணும் நமக்கு இதைக் காணவேண்டும் என்னும் ஆசை இல்லாமல் போகுமா?

இரண்டு எச்சரிக்கைகள். முன்பதிவு இருக்கைகள் திறந்த சற்று நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் முன்பதிவின்றிச் செல்லலாம். படம் பிடிப்பதற்காக வாயிற்படியில் தொங்கி உயிர் விட்டவர்கள் அங்கும் உண்டு. இவ்விஷயத்தில் மைத்துனனிடம் நாம் உறுதிமொழி வாங்கியுள்ளோம். 2025 புயலில் மலைப் பாதை பல இடங்களில் சிதைந்தது. எப்பகுதியில் வண்டி ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் விசாரித்து அறிக. ஓடாத பகுதியைப் பேருந்தில் கடக்கலாம். நிலையப் பலகைகளில் சிங்களத்துடன் தமிழும் உள்ளதால் வழி கேட்க அஞ்ச வேண்டுவதில்லை.

நாட்கணக்கு

மொத்தம் பதினொரு நாட்கள். முதல் மூன்று நாட்கள் நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கண்டி. நான்காம் நாள் கண்டியில் முழு ஓய்வு. விருப்பமுள்ளவர் பேராதனைப் பூந்தோட்டம் செல்லலாம். ஐந்தாம் நாள் சனிக்கிழமை தலவாக்கலை. ஆறாம் நாள் ஞாயிறு தோட்டம். அன்று வேறு எதுவும் இல்லை. லயத்து அறையில் நம் அனைவருக்கும் இடம் இராது. ஆகவே நாம் நகரத்து விடுதியில் தங்குவோம், அன்னையார் மட்டும் அக்காளுடன் மூன்று இரவுகள் தங்குவார்.

அந்த மூன்று இரவுகள் மைத்துனனுக்கும் நன்மையாகவே முடிந்தன. சிவனொளிபாத மலையில் வார இறுதியிலும் பௌர்ணமியிலும் கூட்டம் நெருக்கும். திங்கள் இரவில் அவ்வளவு இராது. திங்கள் மாலை அவனும் நாமும் ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குச் சென்று, பின்னிரவில் ஏறத் தொடங்குவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். அங்கு 5,000-க்கு மேல். திருமலைக்கு நடந்து பழகியவர்களுக்கு ஏற்றம் புதிதன்று. இறக்கத்தில்தான் முழங்கால் பேசும். எட்டாம் நாள் ஓய்வு. ஒன்பதாம் நாள் எல்லை, பாலம், வட்டப் பாதை. பத்தாம் நாள் கொழும்பு. பதினோராம் நாள் சென்னை. படகும் உலக முடிவும் இம்முறை இல்லை. மைத்துனன் முதலில் முகம் சுளித்தான். பின்னர் அவனே அவற்றின்மேல் கோடிட்டு அடித்தான்.

பச்சை மலை

ஒன்று சொல்லி முடிப்போம். சன்னலுக்கு வெளியே இடுப்பளவில் மட்டமாகத் தெரியும் தேயிலை, இயல்பில் செடியன்று. வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கு வளரும் மரம். 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட நாள் தொட்டு, காப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை பரவிய காலம் தொட்டு, அம்மரத்தை இடுப்பளவிலேயே நிறுத்திவைத்திருப்பவை நம் இனத்துப் பெண்களின் விரல்கள். உலகத்தார் வந்து வியக்கும் அவ்வழகு தானே அமைந்ததன்று. நாள்தோறும் பறித்துப் பறித்து அமைத்தது. கொழுந்து பறிப்போரைப் படமெடுக்க விரும்பினால், அனுமதி கேட்டபின் எடுக்க. அவர்கள் பேர் விழுவதற்காக நிற்கிறார்கள். படம் விழுவதற்காக அன்று.

அன்னையார் ஒரு மாதமாக விடியற்காலையில் மாந்தோப்பு வழியாக நீவா நதிக் கரை வரை நடந்து திரும்புகிறார். ஏன் என்று கேட்டோம். லயத்துக்குப் பாதையிலிருந்து மேலேற வேண்டுமாம். அக்காள் கீழே இறங்கி வரும்படி ஆகக் கூடாதாம். நேற்று அவருடன் நாமும் நடந்தோம். அவர் முன்னே சென்றார். நமக்குத்தான் மூச்சு வாங்கிற்று.

உங்கள் இல்லத்திலும் இவ்வாறு ஓர் ஊர், தாளில் சேராமல், யார் மனத்திலேனும் இருக்கக்கூடும். திட்டம் எழுதுமுன் கேட்டுப் பாருங்கள். செலவுக் கணக்கை, சென்று வந்தபின், பைசா உட்பட இப்பக்கத்தில் வெளியிடுவோம்.